ஆர்டிசி நேரம் தப்பா வருதா? எப்படி தப்பா வருதுன்னு முதல்ல பாருங்க

ஆர்டிசி மாட்யூலை, அதாவது கரன்ட் போனாலும் பேட்டரியில ஓடி நேரம் காக்கற கடிகார சிப் இருக்கற சின்ன போர்டை, மைக்ரோகன்ட்ரோலரோட கோத்து ஸ்கெட்ச் (அதுல ஓடற புரோகிராம்) ஏத்தினதும் நேரம் தப்பா வந்தா நிறைய பேர் உடனே ஜம்பர் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகுவாங்க, அப்புறம் லைப்ரரியை (சிப்போட பேசறதுக்கான ரெடிமேட் கோடு) மாத்துவாங்க, அதுக்கும் மசியலேன்னா மாட்யூலே போலின்னு சொல்லி இன்னொண்ணு வாங்கிடுவாங்க. அந்த இன்னொண்ணும் அதே மாதிரி தப்பா காட்டும்போதுதான் தலையைப் பிச்சுக்கற நிலைமை வரும். இதுல எல்லாரும் கவனிக்காம விடறது ஸ்கிரீன்ல வந்து நிக்கற அந்தத் தப்பான நேரத்தைத்தான். எந்த மாதிரி தப்புன்னு உக்காந்து பார்த்தாலே கோளாறு ஒயர்லயா, பேட்டரியிலயா, கிரிஸ்டல்லயா, இல்ல நம்ம கோடுலயான்னு பாதிக்கு மேல தெரிஞ்சிடும்.

ஏன்னா அந்த சின்ன சிப்புக்குள்ள ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமில்லாம மூணு வேலை நடக்குது. ஒரு பக்கம் கிரிஸ்டல் செகண்டுக்கு 32,768 தடவை அதிருது, அதை பதினஞ்சு தடவை பாதி பாதியா வகுத்தா கடைசில செகண்டுக்கு ஒரு துடிப்பு கிடைக்கும், அதை வச்சு செகண்டு, நிமிஷம், மணி, தேதின்னு கவுன்ட்டர் ஏறிட்டே இருக்கும். இன்னொரு பக்கம் மெயின் சப்ளை போனதும் பேட்டரிக்கு மாறி, வந்ததும் திரும்பி வர்ற சுவிட்ச் வேலை. மூணாவது, ஐ2சி லைன்ல, அதாவது சிப்புங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற ரெண்டு ஒயர் பஸ்ல, யாராவது கேட்டா பதில் சொல்றது. கடிகாரம் உள்ள ஜம்முனு ஓடிட்டு இருக்கும், ஆனா பஸ் செத்துப் போயிருக்கும். பஸ் நல்லா பதில் சொல்லும், ஆனா கடிகாரம் நின்னு போயிருக்கும். இது ரெண்டும் சரியா இருந்து பேட்டரி மட்டும் காலியா இருக்கும். "ஆர்டிசி வேலை செய்யல"ன்னு மொத்தமா சொல்லிட்டா இந்த மூணும் ஒண்ணா கலந்துடும், அப்புறம் எதைச் சரி பண்றோம்னே தெரியாது.

முதல்ல ரொம்பப் பிரபலமான தப்பு. மணி 165, நிமிஷம் 165, செகண்டு 85, வருஷம் 2165. இதைப் பார்த்தா சிப் பைத்தியம் பிடிச்சு உளறுதுன்னு தோணும், ஆனா உண்மையில சிப் ஒரு வார்த்தைகூட பேசலேன்னு அர்த்தம். ஐ2சி லைன் ரெண்டையும் புல்-அப் ரெசிஸ்டர் மேல இழுத்துப் பிடிச்சிருக்கும், பேச நினைக்கறவங்க கீழ இழுத்துதான் பேசணும், யாருமே இழுக்கலேன்னா எட்டு பிட்டும் ஒண்ணாவே படிக்கும், அதாவது ஹெக்ஸ்ல (பதினாறை அடியா வச்ச எண் முறை) எஃப்எஃப். அட்ரஸுக்கு பதிலே வரலேன்னாலும் ஆர்டுயினோ லைப்ரரி திருப்பிக் கொடுக்கற மைனஸ் ஒண்ணு ஒரு பைட்டுக்குள்ள போனா அதே எஃப்எஃப்தான். இந்த சிப்புங்க நேரத்தை பிசிடி முறையில வச்சிருக்கும், பத்தாம் இடத்துக்கு நாலு பிட், ஒண்ணாம் இடத்துக்கு நாலு பிட். எஃப்எஃப்பை அப்படிப் பிரிச்சா பதினஞ்சு பத்துகளும் பதினஞ்சு ஒண்ணுகளும், கூட்டினா 165. செகண்டு ரெஜிஸ்டர்ல (சிப் செகண்டை வச்சிருக்கற சின்ன நினைவு அறை) மட்டும் மேல் பிட் நேரத்தோட சேராது, அதை லைப்ரரி கழிச்சிடும், அதனால அங்க 85. ஆக 165ஐ பார்த்தா முதல்ல பேட்டரியைத் தொட வேண்டாம் (ஒரு விதிவிலக்கு பின்னாடி வருது), கிரிஸ்டலையும் தொட வேண்டாம், நேரா ஒயருக்கும் சப்ளைக்கும் போங்க.

அடுத்தது 2000 ஜனவரி 1. இது வந்தா பஸ் நல்லா இருக்குன்னு சந்தோஷப்படலாம், ஏன்னா சிப் ஒழுங்கா பதில் சொல்லுது, அதுக்கு நேரம் தெரியல, அவ்வளவுதான். டிஎஸ் 1307, டிஎஸ் 3231ங்கற ஆர்டிசி சிப்புங்க முதல் தடவை பவர் வாங்கும்போது இந்தத் தேதியிலதான் எழுந்திருக்கும். இங்க இன்னொரு விஷயம் பார்க்கணும், அந்த 2000ல இருந்து செகண்டு ஏறுதா, இல்ல அப்படியே நிக்குதா. ஏறுதுன்னா சிப் எப்பவோ முழுசா பவர் இழந்து புதுசா ஆரம்பிச்சிருக்கு, பேட்டரி காலி, இல்ல பேட்டரி ஹோல்டரோட தகடு சரியா தொடல, இல்ல செல்லைத் தலைகீழா போட்டிருக்கு. நிக்குதுன்னா டிஎஸ் 1307ல செகண்டு ரெஜிஸ்டரோட மேல் பிட்டைப் பாருங்க, அதுக்குப் பேர் கிளாக் ஹால்ட், அது ஒண்ணா இருந்தா ஆஸிலேட்டர், அதாவது கிரிஸ்டலை அதிர வைக்கற சர்க்யூட், ஓடாது, புது சிப்ல அது ஒண்ணாத்தான் இருக்கும். ஒரு தடவை நேரம் செட் பண்ணினா பூஜ்யமாகி ஓட ஆரம்பிச்சிடும். புது மாட்யூல் ஓடலேன்னு திருப்பி அனுப்பறவங்கள்ல சில பேருக்காவது இந்த ஒரு பிட்தான் காரணமா இருக்கும்னு நினைக்கறேன்.

நேரம் 2000 இல்லாம சரியான ஒரு நேரத்துலயே உறைஞ்சு நின்னா? அப்ப போர்டை ரீசெட் பண்ணிப் பாருங்க. ரீசெட்டுக்கு அப்புறம் நேரம் முன்னாடி நகர்ந்திருந்தா கடிகாரம் பாட்டுக்கு ஓடிட்டுதான் இருக்கு, நம்ம கோடுதான் செட்அப்ல (ஆன் ஆனதும் ஒரு தடவை மட்டும் ஓடற பகுதி) ஒரே ஒரு தடவை படிச்சுட்டு லூப்ல (திரும்பத் திரும்ப ஓடற பகுதி) அதே பழைய மதிப்பைத் திரும்பத் திரும்ப பிரின்ட் பண்ணிட்டு இருக்கு.

ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் அதே நேரத்துக்கே திரும்பிப் போகுதுன்னு ஒரு புகார் வரும், எனக்குத் தெரிஞ்சு இருக்கறதுலயே அதிகமா வர்ற புகார் இதுதான், இதுல ஹார்டுவேருக்கு எந்தப் பங்கும் கிடையாது. உதாரண ஸ்கெட்ச்ல கம்பைல் ஆன (கம்ப்யூட்டர் கோடை மெஷின் மொழிக்கு மாத்தின) நேரத்தை எடுத்து ஆர்டிசில எழுதற வரி ஒண்ணு இருக்கும், அதை நிபந்தனை எதுவும் இல்லாம செட்அப்ல வச்சா, கம்பைல் ஆன நேரம் ஸ்கெட்ச்சுக்குள்ள நிரந்தரமா உறைஞ்சு போய், ஒவ்வொரு ரீசெட்லயும் நல்லா ஓடிட்டு இருந்த கடிகாரத்தை பழைய நேரத்துக்கு இழுத்து விடும். ஆள் பேட்டரியை மாத்துவாரு, மறுபடி மாத்துவாரு, பேட்டரியில ஒண்ணுமே இருக்காது. டிஎஸ் 3231ல ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரோட மேல் பிட்டுக்கு ஓஎஸ்எஃப்னு பேர், ஆஸிலேட்டர் எப்பவாவது நின்னிருந்தா அது ஒண்ணாகி, நாம அழிக்கற வரைக்கும் ஒண்ணாவே நிக்கும். லைப்ரரில இருக்கற லாஸ்ட் பவர் ஃபங்ஷன் பார்க்கறது இதைத்தான், அது உண்மைன்னு வந்தா மட்டும் நேரம் எழுதுங்க. டிஎஸ் 1307ல அதே வேலைக்கு கிளாக் ஹால்ட் பிட்.

இதோட குழப்பிக்கக் கூடாத இன்னொண்ணு இருக்கு. கரன்ட் போன நேரத்துல கடிகாரம் நின்னு, கரன்ட் வந்ததும் நின்ன இடத்துல இருந்தே ஓடும். ராத்திரி பத்து மணிக்கு ஆஃப் பண்ணி காலைல ஆன் பண்ணினா பத்து மணில இருந்து ஆரம்பிக்கும். பேட்டரி செத்திருந்தா 2000க்குப் போயிருக்கணும், போகல, அப்படின்னா பேட்டரி உயிரோட இருந்து ரெஜிஸ்டரைக் காப்பாத்தியிருக்கு, ஆனா ஆஸிலேட்டர் மட்டும் நின்னிருக்கு. டிஎஸ் 3231 கன்ட்ரோல் ரெஜிஸ்டரோட மேல் பிட் ஒண்ணா இருந்தா பேட்டரியில ஓடும்போது ஆஸிலேட்டரை நிறுத்திடும், பேட்டரியை மிச்சம் பிடிக்கறதுக்காக வச்ச வசதி அது. அலாரமோ ஸ்கொயர் வேவோ செட் பண்றேன்னு அந்த ரெஜிஸ்டர் முழுசையும் யோசிக்காம எழுதற கோடு இந்த பிட்டையும் சேர்த்து ஒண்ணாக்கிடும். தப்போட வடிவம் எவ்வளவு துல்லியமா காரணத்தைக் காட்டுதுன்னு பாருங்க, ஒரு மீட்டரும் எடுக்காம ஒரு பிட் வரைக்கும் வந்துட்டோம்.

இப்ப 165 வந்தவங்க கதைக்கு வருவோம். பஸ்ல எந்தெந்த அட்ரஸ்ல பதில் வருதுன்னு காட்டற ஐ2சி ஸ்கேனர் ஸ்கெட்ச் ஏத்தி ஓட்டுங்க. டிஎஸ் 1307, டிஎஸ் 3231 ரெண்டுமே ஹெக்ஸ் 68ல பதில் சொல்லும், பிசிஎஃப் 8563 ஆனா 51ல. டிஎஸ் 1302 ஐ2சியே கிடையாது, மூணு ஒயர்ல தனி முறையில பேசும், அதை ஸ்கேனர்ல தேடிட்டு இருந்தா விடிஞ்சாலும் வராது. பின் விஷயத்தை வேகமா சொல்லிடறேன், ஆர்டுயினோ ஊனோ போர்டுல எஸ்டிஏ (டேட்டா லைன்) ஏ4, எஸ்சிஎல் (கிளாக் லைன்) ஏ5, மெகால 20ம் 21ம், லியோனார்டோல 2ம் 3ம், ஈஎஸ்பி 32ல வழக்கமா 21ம் 22ம், நோட்எம்சியூல டி2வும் டி1ம். ஊனோக்கு எழுதின வரைபடத்தைப் பார்த்து மெகால ஏ4, ஏ5ல சொருகறது அடிக்கடி நடக்கறது.

ஸ்கேனர்ல நான் முதல்ல பார்க்கச் சொல்றது 68ஐ இல்ல, அதோட கூட வர்ற இன்னொரு அட்ரஸை. சந்தையில கிடைக்கற மாட்யூல்ல பெரும்பாலும் ஒரு ஈஈப்ராம்ங்கற மெமரி சிப்பும் சேர்ந்தே இருக்கும், டிஎஸ் 3231 மாட்யூல்ல வழக்கமா 57, டிஎஸ் 1307 மாட்யூல்ல 50. ரெண்டு சிப்பும் ஒரே ஒயர், ஒரே சப்ளைதான். ரெண்டுமே வரலேன்னா ஒயர், கிரவுண்ட், சப்ளை, சால்டர் பண்ணாம சும்மா சொருகி வச்ச ஹெடர் பின். ஈஈப்ராம் வந்து ஆர்டிசி வரலேன்னா ஒயர் பக்கம் திரும்பியே பார்க்க வேண்டாம், அது நல்லாதான் இருக்கு, கோளாறு ஆர்டிசி சிப்லயே, இல்ல அதோட பேட்டரி சமாச்சாரத்துல.

பேட்டரியா, பஸ்ஸுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. டிஎஸ் 1307ல இருக்கு. அது விசிசி (மெயின் சப்ளை வோல்ட்டேஜ்) பேட்டரி வோல்ட்டேஜோட 1.25 மடங்குக்குக் கீழ இறங்கினதும் மெயின் சப்ளை போயிடுச்சுன்னு முடிவு பண்ணி, பாதி எழுதின தப்பு டேட்டா உள்ள வந்துடக் கூடாதுன்னு பஸ் கதவை மூடிடும். பேட்டரி 3 வோல்ட்னா எல்லை 3.75 வோல்ட். யாராவது இந்த மாட்யூலுக்கு 3.3 வோல்ட் கொடுத்தா சிப்போட கண்ணுக்கு அது கரன்ட் கட், அதனால பதிலே சொல்லாது, உள்ள மட்டும் பேட்டரியில சமத்தா ஓடிட்டு இருக்கும். புது பேட்டரி போட்ட உடனே வேலை செய்யறது நின்னுச்சு, பேட்டரியைக் கழட்டினா வேலை செய்யுதுங்கற விசித்திரமான புகாருக்குப் பின்னாடி பெரும்பாலும் இந்தக் கணக்குதான். டிஎஸ் 1307 4.5ல இருந்து 5.5 வோல்ட் வரைக்கும் ஓட வேண்டிய சிப், 3.3 வோல்ட் போர்டோட சேர்க்கறதா இருந்தா டிஎஸ் 3231 வாங்கறதுதான் நல்லது, அது 2.3 வோல்ட்ல இருந்தே ஓடும். அப்படி டிஎஸ் 3231ஐ ஈஎஸ்பி போர்டோட சேர்க்கும்போது சப்ளையும் 3.3 வோல்ட்டே கொடுங்க, 5 கொடுத்தா மாட்யூல்ல இருக்கற புல்-அப் ரெசிஸ்டர் ஈஎஸ்பி பின்னை 5 வோல்ட்டுக்கு இழுக்கும், அந்தப் பின் அதைத் தாங்கறதுக்குச் செஞ்சது கிடையாது. இன்னொண்ணு, டிஎஸ் 1307ல பேட்டரி போடாம ஓட்டறதா இருந்தா பேட்டரி பின்னை அந்தரத்துல விடக் கூடாது, கிரவுண்ட் பண்ணச் சொல்லி டேட்டாஷீட்லயே இருக்கு.

68 வருது ஆனா படிக்கற நேரம் சம்பந்தமே இல்லாத எண்ணா வருதுன்னா, அதே பஸ்ல எம்பியூ 6050 மாதிரி மோஷன் சென்சார் இருக்கான்னு பாருங்க, அதோட அட்ரஸும் 68தான். அதுல ஏடி0 பின்னை மேல இழுத்தா 69க்குப் போயிடும், பிரச்சனை தீர்ந்துடும்.

ரொம்ப நாள் நல்லா ஓடிட்டு திடீர்னு ஒரு நாள் போர்டே உறைஞ்சு போற கேஸ் ஒண்ணு இருக்கு, இதைக் கொஞ்சம் விளக்கமாவே சொல்லணும். மைக்ரோகன்ட்ரோலர் ஆர்டிசில இருந்து ஒரு பைட் படிச்சிட்டு இருக்கும்போது சரியா நடுவுல ரீசெட் ஆகுதுன்னு வச்சுக்குங்க. ஆர்டிசி அப்ப பூஜ்யம் அனுப்பறதுக்காக எஸ்டிஏவைக் கீழ இழுத்துப் பிடிச்சிருக்கும், அடுத்த கிளாக் வந்தாதான் விடும். மைக்ரோகன்ட்ரோலர் எழுந்து பார்த்தா லைன் கீழ இருக்கு, யாரோ பேசிட்டு இருக்காங்கன்னு காத்திருக்கும், அது கிளாக் தராது, இது விடாது. மத்த சென்சார்னா சப்ளையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா மறந்துடும், ஆர்டிசிக்குத் தனி பேட்டரி இருக்கறதால சில நேரம் அதுவும் நிச்சயமா சொல்ல முடியாது, டிஎஸ் 3231ல பேட்டரி சப்ளைலயே ஐ2சி உயிரோட இருக்கும்னு டேட்டாஷீட் சொல்லுது. அதுக்கு மருந்தும் அங்கேயே இருக்கு, எழுந்த உடனே எஸ்சிஎல் பின்னை சாதாரண பின்னா எடுத்து, எஸ்டிஏ மேல வர்ற வரைக்கும் ஒவ்வொரு துடிப்பா கொடுங்க, அதிகபட்சம் ஒன்பது துடிப்புல விட்டுடும், அப்புறம் ஒரு ஸ்டார்ட் கொடுத்துட்டு வழக்கம்போல ஐ2சியை ஆரம்பிங்க. பத்து வரி கோடுதான், ஆள் போய் பார்க்க முடியாத இடத்துல வைக்கற எந்தக் கருவியிலயும் இது கட்டாயம் இருக்கணும்னு நான் அடிச்சுச் சொல்வேன். ஊனோ, மெகா மாதிரி ஏவிஆர் சிப் போர்டுக்கான, "ஒயர்"ங்கற பேர்ல இருக்கற ஐ2சி லைப்ரரில டைம்அவுட் வசதியும் சேர்த்திருக்காங்க, ஆனா அது நாமளா ஆன் பண்ணாத வரைக்கும் ஆஃப்லதான் இருக்கும்.

எப்பவாவது ஒரு தடவை மட்டும் நேரம் ஒரு மணி நேரம் தாவி, அடுத்த செகண்டே சரியாகிடும். லாக் ஃபைல்ல பார்த்தா 10:59:59க்கு அடுத்து 11:59 இருக்கும், அதுக்கு அடுத்து 11:00:01. இது நிமிஷத்தையும் மணியையும் தனித்தனியா கேட்டுப் படிக்கற கோடு. நிமிஷம் கேட்டப்ப 59, மணி கேக்கறதுக்குள்ள 11 ஆயிடுச்சு. ஏழு ரெஜிஸ்டரையும் ஒரே மூச்சுல படிச்சா சிப் ஆரம்பத்துலயே நேரத்தை ஒரு பிரதி எடுத்து வச்சுக்கிட்டு அதுல இருந்துதான் கொடுக்கும், இந்தத் தாவல் வரவே வராது.

அலாரம் ஒரு தடவை அடிச்சதோட சரி, மறுபடி அடிக்கலேன்னா ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்ல அலாரம் கொடியை அழிக்காம விட்டிருப்பீங்க. கொடி இருக்கற வரைக்கும் இன்டரப்ட் பின் (அலாரம் அடிச்சதை மைக்ரோகன்ட்ரோலருக்குச் சொல்ற பின்) கீழயேதான் நிக்கும், புதுசா விழ இடமில்ல. அந்தப் பின் ஓப்பன் டிரெயின், அதால கீழ மட்டும்தான் இழுக்க முடியும், அதனால புல்-அப் இருக்கான்னும் பாருங்க.

பேட்டரியில ஒரு ஆபத்தையும் சொல்லியாகணும். அதிகமா விக்கற டிஎஸ் 3231 மாட்யூல்ல 200 ஓம் ரெசிஸ்டரும் ஒரு டயோடும் சேர்ந்த சார்ஜிங் சர்க்யூட் இருக்கு, அது எல்ஐஆர் 2032ங்கற சார்ஜ் ஆகற செல்லுக்காக வச்சது. நாம போடறது சிஆர் 2032, அதை சார்ஜ் பண்ணவே கூடாது. 5 வோல்ட் கொடுத்தா டயோடு தாண்டி 4.4 வோல்ட் கிட்ட செல்லுக்குப் போகும், செல் உப்பும், கசியும். சார்ஜ் ஆகற செல்லுக்குமே 4.2தான் எல்லை. அந்த ரெசிஸ்டரையோ டயோடையோ சால்டர் அயர்ன் வச்சு எடுத்துட்டு சாதாரண சிஆர் 2032 போடறதுதான் பாதுகாப்பு, சிப் எடுக்கற மைக்ரோஆம்பியர் கணக்குக்கு அது பல வருஷம் தாங்கும்.

கடைசியா மெதுவா விலகிப் போற நேரம். இங்க கணக்கு போடாம எதையும் குறை சொல்லக் கூடாது. ஒரு பிபிஎம், அதாவது பத்து லட்சத்துல ஒரு பங்கு விலகல்ங்கறது ஒரு நாளைக்கு 0.0864 செகண்டு. டிஎஸ் 1307ஓட வெளிய இருக்கற கிரிஸ்டல் 20 பிபிஎம்னா நாளைக்கு 1.7 செகண்டு, மாசத்துக்கு 52 செகண்டு, இது கோளாறே இல்ல, அந்தப் பொருளோட இயல்பு. அதுக்கு மேல சூடு. இந்த வகை கிரிஸ்டல் 25 டிகிரி செல்சியஸ் பக்கத்துல சரியா ஓடும், அதுல இருந்து எந்தப் பக்கம் விலகினாலும் மெதுவாகத்தான் ஆகும், விலகின டிகிரியோட வர்க்கத்தை ஏறக்குறைய 0.035ஆல பெருக்கினா பிபிஎம் வரும். 45 டிகிரி பெட்டிக்குள்ள வச்சா 14 பிபிஎம், மாசத்துக்கு இன்னொரு 36 செகண்டு பின்னாடி. வேகமா ஓடுதுன்னா சூட்டைச் சொல்ல முடியாது, பக்கத்துல போற சிக்னல் ஒயரோட இரைச்சல் கிரிஸ்டல் காலுக்குள்ள ஏறி கூடுதல் துடிப்பா எண்ணப்படுதான்னு பாருங்க. சால்டர் ஃப்ளக்ஸ் அழுக்கு கிரிஸ்டல் கால்ல படிஞ்சிருந்தாலும் ஓட்டம் கெடும், ஆல்கஹால் வச்சு துடைச்சிடுங்க.

நாளைக்கு ஒரு நிமிஷம் விலகுதுன்னு சொன்னா அது கிட்டத்தட்ட 694 பிபிஎம், எந்த கிரிஸ்டலும் அவ்வளவு மோசம் கிடையாது. அப்ப கோடைப் பாருங்க, ஆர்டிசியை ஆரம்பத்துல ஒரு தடவை படிச்சுட்டு அதுக்கப்புறம் மில்லிஸ் (மைக்ரோகன்ட்ரோலரோட சொந்த மில்லிசெகண்டு எண்ணிக்கை) வச்சு எண்ணிட்டு இருக்கும். ஊனோல மெயின் சிப் ஓடறது செராமிக் ரெசனேட்டர்ல, அது அரை சதவீதம் விலகினாலே நாளைக்கு ஏழு நிமிஷம் போயிடும்.

டிஎஸ் 3231க்குள்ளயே கிரிஸ்டலும் சூடு அளக்கற சென்சாரும் இருக்கு, 64 செகண்டுக்கு ஒரு தடவை அளந்து தன்னைத் திருத்திக்கும், 0ல இருந்து 40 டிகிரி வரைக்கும் 2 பிபிஎம்முக்குள்ள, அதாவது வருஷத்துக்கு ஒரு நிமிஷம் கிட்ட. அதே பேர்ல கடைசில எம் எழுத்து சேர்ந்து வர்ற சிப்ல கிரிஸ்டலுக்கு பதிலா மெம்ஸ் ரெசனேட்டர் (சிலிக்கான்ல செஞ்ச நுண்ணிய அதிர்வி), 5 பிபிஎம், வருஷத்துக்கு ரெண்டரை நிமிஷத்துக்கு மேல, வாங்கும்போது சிப் மேல எழுதினதைப் படிச்சிடுங்க. அதோட வெப்பநிலை ரெஜிஸ்டரையும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க, அறைச் சூட்டுக்கு மூணு டிகிரி முன்னபின்ன இருந்தா சரி, சம்பந்தமில்லாத எண்ணா நின்னா அந்த சிப்போட திருத்தலையும் நம்ப முடியாது. எல்லாம் சரியா இருந்தும் இன்னும் துல்லியம் வேணும்னா ஏஜிங் ரெஜிஸ்டர் இருக்கு, ஒரு படி ஏறக்குறைய 0.1 பிபிஎம், பாசிட்டிவ் எண் போட்டா மெதுவாகும், நெகட்டிவ் போட்டா வேகமாகும். இன்டர்நெட் நேரத்தோட ஒப்பிட்டு வாரத்துக்கு ஒரு செகண்டு முந்துதுன்னு தெரிஞ்சா அது 1.65 பிபிஎம், அப்ப 16 எழுதிட்டு இன்னொரு வாரம் விட்டு மறுபடி ஒப்பிடுங்க.